ஐந்தாவது பாக்கெட்

என் கணவர் கேண்டீன் தரையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டபோது, நான் முதலில் கேட்டது "வலிக்குதா?" என்றல்ல. "எத்தன நாள் கட்டு போட்டிருக்கணும்?" என்றுதான். டாக்டர் ஆறு வாரம் என்றார். அவரைவிட எனக்குத்தான் அதிகம் வலித்தது.

அவர் ஆஸ்பத்திரி கேண்டீனில் சமையல்காரர். நான் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் அறுத்து, விளிம்பு தேய்த்து, ஃபிரேமில் பொருத்துகிறவள். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் என் கைக்குத் தெரிந்துவிடும். அந்தக் கைக்கு உப்பின் அளவு மட்டும் பிடிபட்டதே இல்லை. கல்யாணமான புதிதில் நான் போட்ட டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "இனிமே அடுப்பு என்னோடது, சரியா?" என்று கேட்டார். வேறு யாராக இருந்தாலும் ரோஷப்பட்டிருப்பார்கள். எனக்கோ பரிசுச்சீட்டு விழுந்த மாதிரி இருந்தது. பதினொரு வருஷம் உட்கார்ந்த இடத்தில் சாப்பிட்டேன். போதாததற்குக் குறையும் சொன்னேன்.

கட்டுப் போட்ட அன்று சாயங்காலமே அவருடைய அக்கா போன் செய்தார். அண்ணி ஓட்டுநர் தேர்வு அதிகாரி. ஆள் சீட் பெல்ட் மாட்டும் தினுசைப் பார்த்தே ஃபெயிலாக்கிவிடுவார் என்று பேச்சு.

"நான் வந்து ஒரு மாசம் தங்கிச் சமைச்சுப் போடட்டுமா?"

"எதுக்கு அண்ணி உங்களுக்குச் சிரமம்? நானே பாத்துக்கிறேன்."

"நீயா?"

அந்த ஒற்றைச் சொல்லில் பதினொரு வருஷத்து மதிப்பெண் பட்டியலும் இருந்தது. என் கண்ணுக்கு நேரே அலமாரியில், கணவர் ஆசையாக வாங்கி வைத்திருந்த ஜப்பானிய வறுத்த நூடுல்ஸ் ஐந்து பாக்கெட்டும் இருந்தது. நாக்கு சும்மா இருக்குமா? "இப்பல்லாம் நான் ஜப்பான் சமையலே பண்றேன் அண்ணி" என்றேன்.

"அப்படியா? அப்ப ஞாயித்துக்கெழம மத்தியானம் வர்றேன்."

வாயைக் கொடுத்து வம்பை வாங்குவது என்பார்கள். நான் விருந்தாளியையே வாங்கியிருந்தேன்.

வியாழக்கிழமை கணவரைப் படுக்கையறையில் உட்காரவைத்து, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். பாக்கெட்டின் பின்புறம் முழுக்க ஜப்பானிய எழுத்து. எனக்குப் புரிந்தது ஒரு வாணலிப் படமும் 220 என்ற எண்ணும்தான். சூடாக இருக்கும் என்று நினைத்தேன். இருநூற்றிருபது டிகிரி என்றால் சாதாரணச் சூடா? அடுப்பை முழுசாகத் திருகி, வாணலி புகையும்வரை பொறுமையாகக் காத்திருந்து, காய்ந்த நூடுல்ஸ் கட்டியை அப்படியே போட்டேன்.

"ஏதோ கருகுற வாசன வருதே?" உள்ளிருந்து குரல்.

"பக்கத்து வீடுங்க!"

அன்று அவருக்கு ரொட்டியும் வாழைப்பழமும்.

வெள்ளிக்கிழமை கடையில் வேலை பார்க்கும்போதுதான் எனக்கு ஞானம் பிறந்தது. அது சூடில்லை, தண்ணீர், இருநூற்றிருபது மில்லி! ஆனாலும் அவ்வளவு கொஞ்சத் தண்ணீரில் எதுவும் வேகாது என்று தோன்றியது. ஜப்பான்காரர்களுக்கு நான் ஒரு லிட்டர் தாராளம் காட்டினேன். பாக்கெட்டுக்குள் இருந்த சாஸ் பொடியையும் அதிலேயே கொட்டினேன். வெந்ததும் வடிகட்டினேன். ருசி முழுவதும் கண்ணெதிரே கழுவுதொட்டிக் குழாய் வழியே இறங்கிப் போயிற்று. மறுபடியும் ரொட்டி, வாழைப்பழம்.

சனிக்கிழமை காலை தண்ணீரைச் சரியாக அளந்தேன். முட்டைக்கோசையும் நூடுல்ஸையும் ஒன்றாகப் போட்டு, ஒட்டிக்கொள்ளுமே என்ற பயத்தில் கை ஓயாமல் கிளறினேன். கிடைத்ததை வைத்து சுவரில் போஸ்டர் ஒட்டியிருக்கலாம்.

கதவு திறந்தது. கணவர் ஒரு கையைத் தொட்டிலில் போட்டமாதிரி தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். வாணலியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பக்கத்து வீட்டுல இன்னிக்கு என்ன சமையல்?"

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "உங்க அக்காகிட்ட வீறாப்பா சொல்லிட்டேங்க. நாளைக்கு வர்றாங்க."

"என்னைக் கேட்டிருக்கலாமே."

"பதினொரு வருஷமா கேக்காதத இப்பக் கேக்க வெக்கமா இருந்துச்சு."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு வேளைக்கு இருநூறு பேருக்குச் சமைக்கிற மனிதர் எனக்குச் சொன்னது நாலே நாலு வாக்கியம்தான். "கோசையும் வெங்காயத்தையும் தனியா வதக்கி எடுத்து வச்சுடு. நூடுல்ஸத் தண்ணியில போட்டா கைய வைக்காத, அதுவே பிரியும். தண்ணி சுண்டினதும் ரெண்டு சொட்டு எண்ணெ விட்டு, அடியில லேசா முறுகுற வரைக்கும் சும்மா விடு. பொடிய அடுப்ப அணைச்சப்புறம் போடு."

கையை வைக்காமல் இருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. என் தொழிலில் கைதானே எல்லாம். கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன். தண்ணீர் சுண்டி, சத்தம் சலசலப்பிலிருந்து படபடப்புக்கு மாறியது. பொடியைத் தூவியதும் புளிப்பும் இனிப்புமாக ஒரு வாசனை எழுந்தது. நான்காவது பாக்கெட் நூடுல்ஸாகவே வந்தது!

அவர் இடது கையில் முள்கரண்டி பிடித்து ஒரு வாய் சாப்பிட்டார். கண் கலங்கிவிட்டது. நான் உருகிப்போனேன். "அவ்வளவு நல்லாயிருக்குங்களா?"

"மொளகுத்தூள் கண்ணுல பட்டுடுச்சு. தண்ணி குடு." தண்ணீர் குடித்தபின், "நல்லாத்தான் இருக்கு" என்று சேர்த்துக்கொண்டார்.

மிச்சம் இருந்தது ஒரே பாக்கெட். கீழே மளிகைக் கடையில் கேட்டால், சரக்கு திங்கட்கிழமைதான் வருமாம். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருக்கு ஒரு பாக்கெட். அரை முட்டைக்கோசு, இரண்டு கேரட், மூன்று முட்டை என்று போட்டுப் பெருக்கினேன். கணவரிடம், வாயைத் திறக்கக்கூடாது என்று சொல்லிவைத்தேன்.

அண்ணி தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, தேர்வுக் காரில் உட்காருகிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். மென்றார். தட்டு காலியானது. எழுந்து நேராகச் சமையலறைக்குப் போனார். குப்பைக்கூடையின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

"என்ன அண்ணி தேடுறீங்க?"

"ஓட்டல் டப்பா ஏதாவது கெடக்கான்னு பாத்தேன்." கையில் ஒரு கருப்புக் கட்டியோடு திரும்பி வந்தார். "இது என்ன, அடுப்புக் கரியா?"

"வியாழக்கிழமை நூடுல்ஸ், அண்ணி."

அதற்குமேல் மறைத்து என்ன பயன்? இருநூற்றிருபது டிகிரி, ஒரு லிட்டர் தாராளம், போஸ்டர் பசை எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அண்ணி சிரித்து நான் பார்த்ததில்லை. அன்று மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"நான் லைசென்ஸ் வாங்கினது அஞ்சாவது தடவைலதான். மூணாவது தடவை தேர்வு அதிகாரி கால்மேலயே வண்டிய ஏத்திட்டேன். யார்கிட்டயும் சொல்லிடாத. தம்பிக்குக்கூடத் தெரியாது."

"தெரியும்க்கா" என்றார் கணவர், வாய் நிறைய முட்டைக்கோசோடு.

அண்ணி போகும்போது, பொடியை எப்போது போடுவது என்று மறுபடி கேட்டுத் தெரிந்துகொண்டு போனார். ஆறு வாரம் முடிந்து கட்டு பிரித்த அன்றே கணவர் அடுப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டார். ஞாயிறு மத்தியானத்தை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. இப்போது எனக்கு இரண்டு பண்டம் சமைக்கத் தெரியும் என்று கடையில் சொல்லிக்கொள்கிறேன். வேகவைத்த முட்டையைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்பது கணவரின் கட்சி.