இருபதாவது தவணை

"மூடியைத் திற, உள்ளுக்குள்ளையும் அளப்பம்" என்றான் றெனால்ட்.

அஞ்சலா திறக்கவில்லை. கணவாய் வெட்டிக்கொண்டிருந்த கையை வாளித் தண்ணீரில் அலசித் துடைத்தபடி எழுந்து நின்றாள். அவளுடைய முன்னறையில், அவளுடைய பிறீசரின் மேல் தச்சு ஆசாரி போல அளவெடுக்கும் இரும்பு ரேப்பை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான் அவளுடைய புருசனின் தமையன். வந்து கால் மணித்தியாலமாகிறது. எதற்கு அளக்கிறான் என்று இன்னும் வாய் திறந்து சொல்லவில்லை.

"உள்ளுக்குள்ள றால் கிடக்குது அண்ணை. சும்மா சும்மா திறந்தா குளிர் போயிடும். ஏன் அளக்கிறியள்?"

"லொறியில ஏறுமோ எண்டு பாத்தனான். ஏறும்." ரேப் சுருண்டு உள்ளே போனது. "டினோஜாவின்ர விசயம் எல்லாம் சரிவந்திட்டுது. நகை, காசு எல்லாம் பேசியாச்சு. மாப்பிள்ளை முருங்கன் சந்தியில கூல்பார் போடப்போறானாம். ஒரு பிறீசர் இருந்தா நல்லம் எண்டு தகப்பன் சொன்னவர். நான் இருக்குது எண்டிட்டன்."

"எது இருக்குது?"

"இதுதான்."

அஞ்சலாவுக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது.

"அண்ணை, இது என்ர தொழிலெல்லே."

"எழுத்து ஆற்றை பேரில கிடக்கு? என்ர பேரில. என்ர சாமானை என்ர மகளுக்குக் குடுக்கிறன். நீ ஒற்றைப் பொம்பிளை. முன்னம் மாதிரிக் கரையில வாங்கி அண்டண்டைக்கு வித்துப்போட்டு இருக்கிறதுக்கென்ன?"

"இன்னும் அஞ்சு தவணை இருக்குது."

"அதை நீ கட்டு. நீதானே பிணைக்குக் கையெழுத்து வைச்சனீ. கட்டாம விட்டா வசூல்காரங்கள் முருங்கனில சம்பந்தி வீட்டு வாசலில போய் நிப்பாங்கள். டினோஜா அங்க தலை நிமித்தி இருக்கேலுமோ? நீ தூக்கி வளத்த பிள்ளை. யோசிச்சுக்கொள்." வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான். "வாற மாசம் பன்னிரண்டாந் திகதி, ஞாயிறு. பூசை முடிய வருவம். கழுவித் துடைச்சு வை."

எங்கே பிடித்தால் அவள் அசையமாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். அந்த இடத்தைத்தான் பிடித்துவிட்டுப் போனான்.

அவளுடைய புருசன் றொட்னி நெஞ்சு வலியென்று படுத்து எழும்பாமல் போய் நான்கு வருசம். அதற்குப் பிறகு அஞ்சலா தலைமன்னார்க் கரையில் வலை தட்டும் இடத்துக்குப் போய், அங்கொரு கிலோ இங்கொரு கிலோவாகக் கணவாயும் றாலும் வாங்கி விற்றாள். வெயில் ஏறினால் மீன் நாறும் என்பது யாவாரிக்கும் தெரியும். பதினொரு மணி வரை விலை பேசாமல் நின்றுவிட்டு, பிறகு வந்து சொன்ன விலைக்கு அள்ளிக்கொண்டு போவான். ஒரு பிறீசர் இருந்தால் வெள்ளிக்கிழமை நீர்கொழும்பு வாகனம் வரும்வரை வைத்திருந்து நியாய விலைக்குக் கொடுக்கலாம் என்று கணக்குப் பார்த்துத்தான், தவணைக்கு ஒன்று எடுக்க மன்னார் ரவுணிலுள்ள ஷோரூமுக்குப் போனாள்.

முற்பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு போனாள். அங்கே இருந்த ஐயா காசைப் பார்க்க முதல், "கணவர் வரேல்லையோ?" என்று கேட்டார். இல்லையென்றாள். அப்படியென்றால் வருமானமுள்ள ஆம்பிளை ஒருவர் வந்து ஒப்பந்த எழுத்தில் கையெழுத்து வைக்கவேண்டும், அதுதான் நடைமுறை என்றார். அவள் பிணைக்காரியாக வேண்டுமானால் கையெழுத்து வைக்கலாமாம். அப்படித்தான் றெனால்ட் வாங்குபவன் ஆனான். வாங்கியவள் பிணைக்காரி ஆனாள். விலாசம் அவளுடையது, தொலைபேசி இலக்கமும் அவளுடையது. பேர் மட்டும் அவனுடையது.

பத்தொன்பது தவணை கட்டினாள். அதில் மூன்றுதான் பிந்தியது, சோளகக் காற்றில் ஒருவரும் கடலுக்குப் போகாத மாதங்கள் அவை. அந்த மூன்று மாதமும் வசூலுக்கு வரும் பைறூஸ் படலையில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, இறங்காமலே இரண்டு தரம் ஹோன் அடித்து, "அஞ்சலாக்கா, காசு பிந்திப் போச்சு" என்று தெருமுனை வரை கேட்கக் குரல் கொடுத்தான். கெட்டவனில்லை. அப்படிக் கேட்டால்தான் காசு வரும் என்று அவனுக்குப் பழக்கியிருந்தார்கள். வேலிக்கு மேலால் தலைகள் எட்டிப் பார்த்தன. "புருசன் இல்லாதவளுக்கு உந்தப் பெரிய சாமான் என்னத்துக்கு" என்று ஒரு வீட்டில் சொன்னது அடுத்த வீடு வழியாக அவளிடமே வந்து சேர்ந்தது. றெனால்டிடம் ஒருவரும் போய்க் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து டினோஜா வந்தாள். முன்பள்ளி ரீச்சர் சேலையோடு நேரே வந்து, கதிரையை விட்டுவிட்டு நிலத்தில் அஞ்சலாவுக்குப் பக்கத்தில் இருந்து றால் கோது உரிக்கத் தொடங்கினாள்.

"சேலையில பிரளப்போகுது, எழும்பு."

"பிரண்டா தோய்ப்பன்." கொஞ்ச நேரம் உரித்தாள். "சித்தி, பிறீசரை நீங்களா ஆசைப்பட்டுத் தாறியள் எண்டு அப்பா சொன்னவர். எனக்கு நம்பேலாமக் கிடந்தது. அதுதான் கேக்க வந்தனான்."

அஞ்சலா கையிலிருந்த றாலின் தலையைத் திருகி எறிந்தாள். அதுவே போதுமாக இருந்தது.

"அப்ப நான் வேண்டாமெண்டு சொல்லுறன்."

"சொன்னாக் கேப்பாரோ?"

"நகை விசயத்தில ஒருக்கா வாய் திறந்தனான். அடி அம்மாவுக்குத்தான் விழுந்தது." உரித்த றாலைச் சட்டிக்குள் போட்டாள். "அந்தப் பெடியனை எனக்குப் பிடிக்கும் சித்தி. நல்ல பெடியன். தகப்பனுக்கு முன்னால அவனுக்கும் வாய் வராது. அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு."

"நீ உன்ர வாயைக் குடுக்காதை. நான் பாக்கிறன்."

என்னத்தைப் பார்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் பணத்தில் வாங்கிய சாமான் சீதனமாகப் போகப் போகிறது, போன பிறகும் மாதாமாதம் அவளே கட்டவேண்டும், கட்டாவிட்டால் இந்தப் பிள்ளையின் மானம் போகும். எவ்வளவு அழகாகப் பின்னியிருக்கிறான். வளர்த்த பாசத்தையே பிணை வைக்கச் சொல்கிறான். அன்றைக்கு முழுக்க அவள் சட்டிகளைப் போட்ட சத்தம் தெருவுக்குக் கேட்டிருக்கும்.

ஐந்தாந் திகதி, தவணை நாள். முதல் பஸ்ஸில் ரவுணுக்குப் போனாள். ஷோரூமில் இப்போது கலாராணி என்ற பெண் இருந்தாள். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து சிரித்த முகமாக, "இருங்கோ அக்கா" என்றாள்.

"தங்கச்சி, எழுத்தை என்ர பேருக்கு மாத்தேலுமோ?"

கலாராணி கணினியைத் தட்டிப் பார்த்தாள். "அவர் வந்து கையெழுத்து வைச்சா மாத்தலாம் அக்கா."

"வராட்டி?"

"வராட்டி ஒண்டும் செய்யேலாது. கடைசித் தவணை கட்டின உடன உரிமைக் கடிதம் அவருக்குத்தான் போகும்."

"பத்தொன்பது றிசீற் வைச்சிருக்கிறன். எல்லாம் நான் கட்டினது."

"தெரியும் அக்கா." அவள் குரல் தாழ்ந்தது. "எங்களுக்கும் தெரியும். ஆனா பேர்தானே."

அஞ்சலா காசுப்பையைத் திறந்து தவணைக் காசை எடுத்தாள். எடுத்த கையோடு இன்னொன்று கேட்டாள். "அவர் இப்பவே சாமானை வேற ஊருக்குக் கொண்டுபோனா?"

"கொண்டுபோகேலாது. தவணை முடியுமட்டும் அது கம்பனியின்ர சாமான். விலாசம் மாத்த எங்கட கடிதம் வேணும்."

"கேட்டாக் குடுப்பியளோ?"

"நிலுவை இல்லாட்டி அண்டைக்கே குடுப்பம். நிலுவை கிடந்தா ஒரு அங்குலமும் அரக்கேலாது. பொலிசில முறைப்பாடு போகும்."

"மற்றது, நிலுவை கிடந்தா வந்து தூக்கிக்கொண்டு போயிடுவியளோ?"

"மூண்டு மாசம் சேந்தாத்தான். அதுக்குள்ள கொஞ்சங் கொஞ்சமாக் கட்டிக்கொண்டு வந்தா ஒண்டும் செய்யமாட்டம். தண்டம் ஏறும், அவ்வளவுதான்." கலாராணி கையை நீட்டினாள். "கட்டுவமே அக்கா?"

அஞ்சலா காசைத் திரும்பப் பைக்குள் வைத்துச் சிப்பை இழுத்தாள்.

"இந்த மாசம் இல்லைத் தங்கச்சி."

இருபதாவது தவணையை அவள் கட்டவில்லை. அடுத்த மாதம் இருபத்தோராவதையும் கட்டவில்லை. காசு அலுமாரிக்குள் கிடந்தது. பிந்தியதற்காக ஒருநாளும் இல்லாத வெட்கத்தில் முன்பு சாப்பிடாமல் படுத்தவள், இப்போது கம்பனியிலிருந்து அழைப்பு வந்தால், "ஓம், பிந்திப் போச்சுத்தான்" என்று சொல்லிவிட்டுக் கணவாயை வெட்டினாள். றெனால்டுக்கு ஒன்றும் தெரியாது. தன் இலக்கத்தை அங்கே கொடுக்காமல் விட்ட கெட்டித்தனம் அது.

பன்னிரண்டாந் திகதி காலை பைறூஸுக்கு அவளே அழைப்பு எடுத்தாள்.

"தம்பி, இண்டைக்குப் பத்து மணிக்கு வாங்கோ. காசு தாறன்."

"நீங்களோ அக்கா கூப்பிடுறியள்?" அவனுக்கு நம்ப முடியவில்லை.

"ஓம். ஒரு விசயம். எழுத்து ஆற்றை பேரில கிடக்கோ, அவரின்ர பேரைச் சொல்லிக் கேளுங்கோ. அவரும் இஞ்சதான் நிப்பார்."

பூசை முடிந்து சனம் வீடு திரும்பும் நேரத்தில் சின்ன லொறி வந்து நின்றது. றெனால்டும், மாப்பிள்ளையின் தகப்பனும், தூக்குவதற்கு இரண்டு பேரும் இறங்கினார்கள். தகப்பன் வெள்ளைச் சேட்டும் கையில் குடையுமாக, வீட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"இன்னும் ஒதுக்கேல்லையோ?" றெனால்ட் மூடியைத் திறந்து பார்த்துக் கத்தினான். "என்ன பொம்பிளை நீ? நான் சொன்ன நாள் இதெல்லே."

"றாலை எங்க வைக்கிறது அண்ணை? வேற பெட்டி என்னட்ட இல்லை."

"எடுத்து வெளியில வையுங்கோடா" என்று அவன் தூக்க வந்தவர்களிடம் சொல்லும்போது படலையில் ஹோன் சத்தம் இரண்டு தரம் கேட்டது. பைறூஸ் வழக்கம்போல மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. கைத்தொலைபேசியைப் பார்த்து, வழக்கமான குரலில் வாசித்தான்.

"சவிரிமுத்து றெனால்ட். பிறீசர். இருபதாவது, இருபத்தோராவது தவணை ரெண்டும் நிலுவை. தண்டத்தோட இருபத்து மூவாயிரத்து நானூறு. றெனால்ட் ஐயா நிக்கிறாரோ?"

தெருவில் போனவர்கள் நின்றார்கள். வேலிகளுக்கு மேலால் தலைகள் வந்தன.

"டேய், என்னட்டயோ கேக்கிறாய்? அவவிட்டக் கேள். அவதான் கட்டுறவ" என்று றெனால்ட் முற்றத்துக்குப் பாய்ந்தான்.

மாப்பிள்ளையின் தகப்பன் குடையை நிலத்தில் ஊன்றினார். "அவ கட்டுறவவோ? அப்ப இது ஆற்றை சாமான்?"

"ரெண்டு பேரின்ரயும் இல்லை ஐயா" என்றான் பைறூஸ். "காசு முடியுமட்டும் கம்பனியின்ர. நிலுவையோட ஏத்தினா நான் பொலிசுக்குச் சொல்லவேண்டி வரும். இப்ப கட்டினா, நாளைக்குக் கந்தோரில கடிதம் எடுக்கலாம்."

றெனால்ட் சட்டைப் பையைத் தொட்டான். அதில் ஒன்றும் இல்லையென்று அவனுக்கு முன்பே தெரியும். மண்டபத்துக்கும் நகைக்கும் போனது போக, லொறிக் கூலியையே சம்பந்தி கொடுத்திருந்தார். அவன் அஞ்சலாவிடம் திரும்பிப் பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான். "காசு வைச்சிருப்பாய். குடு. டினோஜாவை யோசி."

"அவவை யோசிச்சுத்தான் நிக்கிறன். கேக்கிறது உங்கட பேரில எல்லோ அண்ணை."

வேலிக்கு அந்தப் பக்கத்தில் யாரோ பொத்திச் சிரித்தார்கள்.

மாப்பிள்ளையின் தகப்பன் அஞ்சலாவை ஒருமுறை பார்த்தார். தூக்க வந்தவர்களை லொறிக்குப் போகச் சொன்னார். "ஆக்கள் வந்து வாசலில நிக்கிற சாமானை என்ர மகனின்ர கடைக்குள்ள வைக்கேலாது சம்பந்தி. கலியாணத்துக்கு இன்னும் பத்து நாள் கிடக்குத்தானே. புதுசா ஒண்டு எடுத்து அனுப்புங்கோ."

அவர் கேட்டதில் ஒரு சதமும் குறையவில்லை. கடன் சாமானைத் தூக்க வந்த வெட்கத்தை றெனால்டிடம் விட்டுவிட்டு லொறியில் ஏறிக்கொண்டார். பின்னால் ஏறிய றெனால்ட், "இனி இந்த வாசலுக்கு வரமாட்டன்" என்றான். அஞ்சலா தலையாட்டினாள்.

லொறி போன பிறகும் சனம் முழுதாகக் கலையவில்லை. பைறூஸ் முதல் தடவையாக மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கி முற்றத்துக்கு வந்தான்.

"அக்கா, காசு தாறன் எண்டுதானே கூப்பிட்டனீங்கள்."

அவள் உள்ளே போய் அலுமாரியைத் திறந்து எண்ணிக் கொண்டுவந்தாள். அவன் வாங்கி எண்ணினான்.

"இது ஒரு தவணைதான் அக்கா."

"ஓம். மற்றது நிலுவையில கிடக்கட்டும். அது கிடக்குமட்டும் பிறீசரை ஒருத்தரும் லொறியில ஏத்தேலாதெல்லே."

"கிடந்தா தண்டம் ஏறுமே. நானும் மாசாமாசம் வந்து நிக்கவேணும்."

"வாங்கோ. இண்டைக்கு மாதிரியே பூசை முடிஞ்சு சனம் வாற நேரமாப் பாத்து வாங்கோ. பேரைச் சொல்லிச் சத்தமாக் கேளுங்கோ."

"எதுமட்டும் அக்கா?"

"அவர் கந்தோருக்கு வந்து எழுத்தை என்ர பேருக்கு மாத்தித் தருமட்டும்." அவள் றிசீற்றுக்குக் கையை நீட்டினாள். "அதுமட்டும் ஒரு தவணை பிந்தித்தான் இருக்கும்."