எடின்பரோவுக்கு ஒரு சாட்சி

கம்பெனி ஆபீஸ் வராந்தாவில் புஷ்பவள்ளி காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் கிடந்த பிள்ளை மூக்கொழுக அழுதது. வரச் சொன்னவர்கள் ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

"ஒங்க அப்பா உள்ளதச் சொல்லிருவாரு தம்பி. பக்கத்துல நின்னு பாத்தவரு அவருதானே?"

அவளருகே நின்றிருந்த ஜெயராஜ் தலையாட்டினான். போன வாரம் பினாங்குத் துறைமுகத்தில் பாரக் கயிறு அறுந்து, அரிசி மூட்டைகள் அவள் புருஷன் முனுசாமியின் மேல் விழுந்து அவனைக் கொன்றுவிட்டன. மட்கிப்போன கயிறு. மாற்றச் சொல்லிச் சொல்லிக் கூலிகள் அலுத்துப் போயிருந்தார்கள்.

கதவு திறந்தது. வெளியே வந்த ஜெயராஜின் அப்பா சின்னையா யார் முகத்தையும் பார்க்காமல் படியிறங்கினார். பின்னால் வந்த, ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி சொன்னான்: "ஒம்புருஷன் குடிச்சிட்டு வேலைக்கு வந்திருக்கான். சாட்சி சொல்லியாச்சு. கம்பெனி ஒண்ணும் தராது. கூலி லயத்து வீட்டக் காலி பண்ணிடு."

"அவரு கள்ளத் தொட்டவரில்லையே அண்ணே!" அவள் கத்தியது சாலைவரை கேட்டது. சின்னையா திரும்பவில்லை.

ஜெயராஜ் ஓடிப்போய் அவரை மறித்தான். "ஏம்ப்பா பொய் சொன்னீங்க?"

"ஒனக்காகத்தான்டா. தொர ஒன்னச் சீமைக்கு அனுப்புறாராம். எடின்பரோவுல டாக்டருக்குப் படிக்க. அடுத்த மாசம் கப்பலு."

பள்ளிக்கூட நாளிலிருந்து அவன் கனவில் வந்துகொண்டிருந்த ஊர். ஒரு கணம் நெஞ்சு துள்ளியது. துள்ளியதை உணர்ந்ததும் சாக்கடை ஓரம் குனிந்து துப்பினான். பிறகு ஆபீசுக்குத் திரும்பி நடந்தான்.

துரை மாம்பழம் தின்றுகொண்டிருந்தார். தாடியில் சாறு வழிந்தது.

"நான் போகப்போவதில்லை. அப்பா சொன்னது பொய். அந்தச் சாட்சியை அழித்துவிடுங்கள்," என்று ஜெயராஜ் ஆங்கிலத்தில் சொன்னான்.

துரை கொட்டையைச் சப்பி முடித்தார். "போவதும் போகாததும் உன் இஷ்டம். உன் அப்பா சொன்னது சொன்னதுதான்." ஈர விரல்களைத் துடைத்துவிட்டுக் கதவைக் காட்டினார்.

சாயங்காலம் அவன் லயத்துக்குப் போனபோது புஷ்பவள்ளியின் சட்டிபானைகள் வாசலில் கிடந்தன. அவனைக் கண்டதும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கப்பலில் வந்திறங்கிய புதுக் கூலி ஒருவனையும் அவன் பெண்சாதியையும் கிராணி அழைத்துவந்தான். அந்தப் பெண் தலையிலிருந்த மூட்டையை ஒரு கையால் பிடித்தபடி புஷ்பவள்ளியைப் பார்த்துச் சிரித்தாள்.

"கொஞ்சம் தள்ளிக்கிறீங்களாக்கா? எங்களுக்கு இந்த வீடுதான் குடுத்திருக்காங்க."