மாமரம் எந்தப் பக்கம்

நாகலிங்கம் ஐயாவுக்கு நான் கொடுக்கவேண்டி இருந்தது நாற்பத்தாறாயிரத்து ஐந்நூறு ரூபாய். மூத்தவள் பெரியபிள்ளையானபோது சாமத்தியச் சடங்குக்கு வாங்கினது. சண்டிலிப்பாயில் அவருடைய புகையிலைத் தோட்டத்தில்தான் எனக்கு வேலை. கூலியிலை மிச்சம் பிடிச்சு மாசாமாசம் கட்டியும் கடன் குறைஞ்ச மாதிரித் தெரியேல்லை.

போன மாரிக்கு வேலியைப் புதுசாய் அடைக்கச் சொன்னார். பக்கத்துக் காணி மகாதேவி அக்காவின்ரை. அவ கனடாவிலை. பழைய வேலிக் கதியால் தடியளைப் பிடுங்கி இரண்டு முழம் அங்காலை தள்ளி நடு எண்டார். ஓம் எண்டு நட்டன். வேலியோரம் நிண்ட அக்காவின்ரை கறுத்தக்கொழும்பான் மாமரம் அதோடை இஞ்சாலை, ஐயாவின்ரை பக்கம், வந்திட்டுது.

அந்த நாளிலைதான் வாசிகசாலையில் வினோஜா ரீச்சர் பெரியாக்களுக்குப் பின்னேர வகுப்பு நடத்தினா. நாற்பது வயதுக்குப் பிறகு தமிழ் எழுத்துப் படிச்சவன் நான். இங்கிலீசையும் பாப்பம் எண்டு போய் இருந்தன். ஒரு கிழமை முழுக்கச் சந்தேகச் சொல்லுகள். ப்ரொபபிளி எண்டால் முக்கால்வாசி ஓம், மேபி எண்டால் அரைவாசி, பெர்ஹப்ஸ் அதுக்கும் கீழை, நொட் ஷுவர், நிச்சயமில்லை, எண்டால் பிறகு ஒருத்தரும் உங்களைப் பிடிக்கேலாது எண்டு சொல்லித்தந்தா. முதலாளிமாருக்கு ஓம் எண்டதைத் தவிர வேறை சொல்லிப் பழகாத எனக்கு, மழைக்கு ஒதுங்கத் தாவாரம் கிடைச்ச மாதிரி இருந்தது. புகையிலைக்குத் தண்ணி கட்டேக்கை சொல்லிச் சொல்லிப் பாடமாக்கினன்.

வைகாசியில் அக்காவின்ரை மகள் தக்சாயினி வந்தா. தாய் மரத்தைப் படமெடுத்து வரச் சொன்னவவாம். போய்ப் பாத்தால் மரம் ஐயாவின்ரை வேலிக்குள்ளை. அது எப்பவும் தன்ரை மரம்தான் எண்டு ஐயா சொல்லிப்போட்டார். பிள்ளை நேரே என்ரை வீட்டை வந்தா.

"அங்கிள், வேலி அடைச்சது நீங்கள்தானாம். மரம் எங்கடை பக்கம் நிண்டது எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் நான் காணி அளக்கச் சேவேயரைக் கூப்பிடுவன். அம்மாவுக்கு இப்ப மறதி. அவவை நம்பிச் சண்டைக்குப் போகேலாது."

இல்லை எண்டு தமிழிலை பொய் சொல்ல எனக்கு வாய் வரேல்லை. கடன் நினைவுக்கு வந்தது.

"நொட் ஷுவர், பிள்ளை."

அங்கிள் இங்கிலீசும் கதைக்கிறார் எண்டு சிரிச்சா. என்ரை வீட்டு முத்தத்திலை நிண்டபடியே தாய்க்கு ஃபோன் எடுத்தா.

"அம்மா, வேலி அடைச்சவருக்கே தெரியேல்லையாம். நீங்கள்தான் மாறி நினைக்கிறியள்."

ஃபோனிலை அக்காவின்ரை குரல் எனக்கும் கேட்டுது.

"அப்பிடியும் இருக்கும் பிள்ளை. நான் நட்டனான் எண்டெல்லோ இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டிருந்தன்."

அந்த மாங்கண்டுக்கு அவ குழி வெட்டுவிச்சது என்னைக்கொண்டு. முதல் தண்ணி ஊத்தினதும் நான்தான். அதை அப்ப சொல்லியிருக்கலாம்.

பிள்ளை பிளேன் ஏறின கிழமை, அந்த மாசத்துக் காசு இரண்டாயிரத்தைக் கொண்டு ஐயாவிட்டைப் போனன். அவர் மரத்துக்குக் கீழை கதிரை போட்டு இருந்தார். நீட்டின காசை வாங்கேல்லை.

"நீ சொன்னதை அந்தப் பிள்ளை என்னட்டையும் சொன்னவ. உனக்கு மரம் நிச்சயமில்லை. எனக்கும் உந்தக் கடன் நிச்சயமில்லை. இனி அதைப்பற்றிக் கதையாதை, தம்பிஐயா. விளங்குதோ?"

ஓம் எண்டன். காசைத் திரும்பச் சாரத்து மடிப்புக்குள்ளை செருகினன்.