வலது தட்டில் நரகம்

எங்கள் ஊரில் துயரங்களை எடை போடுவது சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, மாதா கோவிலுக்குப் பின்னால் உள்ள தகரக் கொட்டகையில். அவரவர் துயரத்தைத் தூக்குவாளியில் போட்டு மூடி எடுத்து வருவார்கள். உத்தரத்திலிருந்து சங்கிலியில் தொங்கும் பெரிய தராசின் இடது தட்டில் உபதேசியார் மிக்கேல்ராசு அதை வைப்பார். வலது தட்டில் நரகம் இருக்கும்.

நரகம் என்பது புளியங்கொட்டை அளவில் ஒரு கறுப்புக் கல். சும்மா கிடந்தால் அதற்கு எடையே கிடையாது. வந்தவர் அதைத் தொட்டு "விசுவசிக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். அவர் நரகத்தை எவ்வளவு நம்புகிறாரோ அவ்வளவு கனம் கல்லில் ஏறும். துயரத்தின் தட்டு தாழ்ந்தால் அழுகைச் சீட்டு கொடுப்பார்கள். சீட்டில் போட்ட காலம் வரைக்கும் அழலாம், ஏன் என்று ஒருவரும் கேட்கக் கூடாது. நரகத்தின் தட்டு தாழ்ந்தால், அணையாத நெருப்பை விடவா உன் கஷ்டம் பெரிது என்று அர்த்தம். கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மூன்று தடவை தோற்றால் தூக்குவாளியை வாங்கித் தென்னை மூட்டில் கவிழ்த்துவிடுவார்கள். துயரம் போகும்போது செத்தவரின் முகமும் அதோடு போய்விடும். ஊரில் பல வீடுகளில் மாலை போட்ட படங்கள் தொங்குகின்றன. அது யார் என்று வீட்டுக்காரர்களுக்கே தெரியாது.

என் புருஷன் இஞ்ஞாசி, திருவிழாவுக்கு சீரியல் பல்பு கட்டக் கோபுரத்தில் ஏறி, அங்கிருந்து விழுந்து செத்துப்போனார். பதினோரு வருஷமாக அவர் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை. சப்பரம் தூக்க முன்வரிசையில் இடம் தரவில்லை என்று பங்குச்சாமியோடு கோபம். அதனால் நேரே நரகத்துக்குத்தான் போயிருப்பார். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. சின்ன வயதில் ஞானோபதேசப் பரீட்சையில் நரகத்தைப் பற்றிய கேள்விகளுக்கு நூற்றுக்கு நூறு வாங்கியவள் நான்.

முதல் சனிக்கிழமை கல்லைத் தொட்டுச் சொன்னேன். வலது தட்டு இறங்கிய வேகத்தில் சிமெண்டுத் தரை விரிசல் விட்டது. இஞ்ஞாசியின் சாவு மேலே, எட்டாத உயரத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

"ஆயிரத்துல ஒருத்திம்மா நீ. விசுவாசம்னா இதுல்லா விசுவாசம்" என்றார் உபதேசியார். வரிசையில் நின்றவர்கள் தலையாட்டினார்கள். அந்த மெச்சல் எனக்கு வேப்பங்காயாகக் கசந்தது.

எனக்கு அடுத்து எதிர்வீட்டுக் கிரேசி. அவளுடைய ஆடு மினிபஸ்ஸில் அடிபட்டிருந்தது. தூக்குவாளி கூட இல்லை, பிள்ளையின் டிபன் பாக்ஸில் கொண்டு வந்திருந்தாள். சந்தையில் கத்திரிக்காயைத் தொட்டுப் பார்ப்பது போலக் கல்லைத் தொட்டாள். கல் தூசி மாதிரி மேலே போயிற்று. அவளுக்கு மூன்று வருஷச் சீட்டு கிடைத்தது.

ஒரு ஆட்டுக்கு மூன்று வருஷம். அதுவும் கொம்பு கூட முளைக்காத ஆடு. எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன்? சாயங்காலமானால் வாசற்படியில் சாவகாசமாக உட்கார்ந்து அழுவாள். நடுவில் எழுந்து போய்க் காப்பி குடித்துவிட்டு வந்து மறுபடியும் அழுவாள். நான் உலர்ந்த கண்ணோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு அவளைத் தாண்டிப் போவேன். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன்.

"ஏளா கிரேசி, நரகத்த எப்படிளா நீ நம்பாம இருக்கே?"

"நம்பாம இருக்கணும்னுலாம் இல்ல மைனி. ஞாபகத்துக்கு வரமாட்டேங்கு" என்றாள்.

அந்த வாரம் முழுக்க நம்பிக்கையைக் குறைக்கப் பாடுபட்டேன். மீன் கழுவும்போது, துணி அலசும்போது, நரகம் இல்லை, நரகம் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். அப்படிச் சொல்வது சாவான பாவம். சாவான பாவம் செய்தால் எங்கே போவோம் என்று எனக்குத் தெரியும். அந்தப் பயத்தில் நம்பிக்கை இன்னும் ஊதிப்போயிற்று. இரண்டாவது சனிக்கிழமை வலது தட்டு தரைக்குள் நாலு விரற்கடை இறங்கிவிட்டது. மண்வெட்டி கொண்டு வந்துதான் எடுத்தார்கள்.

மூன்றாவது சனிக்கிழமை வந்தது. இஞ்ஞாசி சிரித்தால் இடது பக்கத்துப் பல் ஒன்று கொஞ்சம் முன்னால் வரும். அதைத் தென்னை மரத்துக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. எனக்குப் பின்னால் கிரேசி நின்றாள். இந்தத் தடவை குடை தொலைந்துவிட்டதாம்.

கல்லைத் தொடுவதற்கு முன் கேட்டேன். "உபதேசியாரே, எங்க வீட்டுக்காரரு இப்ப எங்க இருக்காரு?"

"அத என் வாயால வேற சொல்லணுமாம்மா?" அவர் கல்லைக் காட்டினார்.

"அவரு இதுக்குள்ள வேகுதாருன்னா, இது என் துயரம்லா? இது எதுக்கு அந்தத் தட்டுல கெடக்கு?"

உபதேசியார் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு கல்லை எடுத்து என் தூக்குவாளிக்குள் போட்டு மூடி, இடது தட்டில் வைத்தார்.

"நியாயந்தான். ஆனா வலது தட்டு காலியா இருந்தா எடை செல்லாது. ஏதாவது ஒரு நரகம் இருந்தாகணும். ஊர்லயே அது நெறைய இருக்கது உன்கிட்டதான். ஏறி உக்காரும்மா."

வலது தட்டில் ஏறி உட்கார்ந்தேன். தன்னைத் தானே தொட்டுச் சொல்வது செல்லாது என்றும், வரிசையில் அடுத்த ஆள் வந்து தொட வேண்டும் என்றும் விதியில் இருந்தது. கிரேசி ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வந்து என் தோளில் வைத்தாள்.

"விசுவசிக்கிறேன்" என்றாள், பஸ்ஸில் டிக்கெட் கேட்பது போல.

கனம் போயிற்று. முதலில் தோளிலிருந்து, பிறகு நெஞ்சிலிருந்து, கடைசியில் முழங்கால்களிலிருந்து. எனக்கு நரகம் ஞாபகத்துக்கு வரவில்லை. இஞ்ஞாசி எங்கேயும் வேகவில்லை. அவர் வெறுமனே செத்துப்போயிருந்தார், அவ்வளவுதான். அவர் செத்ததற்காக மட்டும் அழ முடிந்தது. அழுதேன். இடது தட்டு சத்தமில்லாமல் தரையில் போய் உட்கார்ந்தது.

அப்போதுதான் கிரேசியைப் பார்த்தேன். இவள் பல் தேய்ப்பதும், மார்க்கெட்டுக்குப் போவதும், ஆட்டுக்காக அழுவதும் இவ்வளவு லேசாகத்தானா? பிறந்த நாள் முதல் இப்படித்தானா? அதுவரை அவள் மேல் நான் பட்டதெல்லாம் பொறாமையே இல்லை, இப்போது பட்டதுதான்.

"மைனி, கைய எடுக்கட்டா?"

"எடுக்காதளா" என்றேன். ஆனால் அதற்குள் நான் அவள் கைக்கு எட்டாத உயரத்துக்கு வந்திருந்தேன். தட்டு சங்கிலி இருந்த மட்டும் வந்து நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை, தட்டை விட்டு மேலே போனேன். உபதேசியார் சீட்டை எழுதி, மீன்கூடை இறக்கும் கம்பின் நுனியில் செருகி என்னிடம் நீட்டினார். காலம் என்ற இடத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தார்.

கூரைத் தகரத்தில் என் முதுகு மெல்ல இடித்தது. அங்கே ஏற்கெனவே என்னைப் போல நாலைந்து பேர் சீட்டும் கையுமாக இருந்தார்கள். நகர்ந்துகொண்டு எனக்கு இடம் விட்டார்கள். ஒரு அம்மாள் தன் கைக்குட்டையைத் திருப்பி, காய்ந்த பக்கத்தை என்னிடம் கொடுத்தாள்.