கேம் பெட்டியின் இரைச்சல்

தூண்டிலை வீசிய கையோடு அவள் நடுக்கடலில் மறுபடியும் காணாமல் போனாள்.

கடல் என்றால் டிவிக்குள் இருக்கிற கடல்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் அவளும், வெளிநாட்டில் வேலை பார்க்கிற அவளுடைய தம்பியும் அந்தக் கடலில்தான் சந்தித்துக்கொள்வார்கள். அவரவர் வீட்டில் அவரவர் கேம் பெட்டி, காதில் ஹெட்செட். ஒரு தீவு, ஒரு ஓட்டைப் படகு, பாதி கட்டிய மர வீடு, எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் காய்க்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிற பூசணித் தோட்டம். நாற்பதைத் தாண்டிய அக்காவும், நாற்பதைத் தொடப்போகிற தம்பியும் அங்கே சின்னப் பிள்ளைகள் மாதிரி அடித்துக்கொள்வார்கள். வீட்டில் அவனுக்கு வாலு என்று பேர். தலை நரைக்க ஆரம்பித்த பிறகும் அந்த வால் அறுந்து விழவில்லை.

டிவியில் பெட்டி சூடாகிவிட்டதென்று ஒரு வரி வந்தது. அடுத்த நொடி இருட்டு. அதுவரை தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த பெட்டி கப்பென்று வாயை மூடிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் ஃபோன் அடித்தது.

"என்னக்கா, மறுபடியும் தண்ணியில விழுந்துட்டியா? மீனு உன்னைப் பிடிச்சிருச்சா?"

"ரொம்பச் சூடாயிடுச்சாம்டா. பட்டுனு அணைஞ்சு போச்சு."

"போன வாரமும் இதே கதைதான். உள்ள இருக்கிற ஃபேன்ல தூசி அடைச்சிருக்கும். காத்து வெளிய போக வழியில்லாமத்தான் இப்படிச் சூடாகுது. இப்படியே விட்டா ஒருநாள் ஒரேயடியா போயிடும், சொல்லிட்டேன்."

ஒரேயடியாகப் போய்விடும் என்றதும் அவள் எழுந்து போய், சூடு குறைந்திருக்கிறதா என்று பெட்டியின் மேல் கை வைத்துப் பார்த்தாள்.

பெட்டி போனால் என்ன, ஃபோனில் பேசிக்கொள்ளலாமே என்று யாரும் கேட்கலாம். ஃபோனில் பேசினால் அவன் மூன்று கேள்வி கேட்பான். சாப்பிட்டியா, உடம்பு எப்படி இருக்கு, மாமா எப்படி இருக்காரு. முதல் இரண்டுக்கும் அவளிடம் பதில் உண்டு. மூன்றாவதுக்குத்தான் இல்லை. தீவில் அந்தத் தொல்லை கிடையாது. கைக்கு வேலை இருக்கும், வாய்க்குச் சண்டை இருக்கும். "அந்தக் கட்டையைத் தூக்குடா சோம்பேறி", "நீ வெச்ச கதவு வாசலுக்கே சேரலக்கா" என்று ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

மாமா என்று அவன் கேட்கிற அவளுடைய கணவர் வீட்டை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. சண்டை கிண்டை ஒன்றும் இல்லை. ஒரு காலையில் சட்டைகளை ஒழுங்காக மடித்துத் துணிப்பெட்டியில் வைத்துக்கொண்டு, இனிமேல் என்னால் முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு நல்ல சண்டை போட்டிருந்தாலாவது நாலு பேரிடம் சொல்லி அழ ஒரு கதை கிடைத்திருக்கும். மனுஷர் அதையும் மிச்சம் வைக்கவில்லை.

தம்பியிடம் மட்டும் அவள் மூச்சு விடவில்லை. வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும்போது, "அம்மா அப்பா இல்ல, ஆனா உனக்கு மாமா இருக்காரு, அந்த தைரியத்துலதான் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனவன் அவன். விஷயம் தெரிந்தால் துடித்துப்போவான் என்பது ஒன்று. அதைவிட, விளையாட வருகிற தம்பி துக்கம் விசாரிக்க வருகிற தம்பியாகிவிடுவான் என்பதுதான் அவளுடைய பயம். வேலை செய்யும் இடத்தில் விஷயம் தெரிந்த ஒரே ஒருத்தி, வரவேற்பில் உட்காருகிறவள், தினமும் தலையைச் சாய்த்து "எப்படி இருக்கீங்க?" என்று இழுத்துக் கேட்கிறாள். அந்த இழுவையைக் கேட்டாலே இவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தத் தொனி தம்பியின் குரலில் வந்துவிட்டால் அவளுக்குப் போக்கிடம் இல்லை.

பெட்டியின் இரைச்சலும் இத்தனை நாள் அவளுக்குக் கை கொடுத்து வந்தது. மைக்கில் அது அவன் காதுவரை போகும். "என்னக்கா சத்தம், மாமா மிக்ஸி போடறாரா?" என்பான். ஆமாடா என்பாள். இன்னொரு நாள் அதே சத்தம் வாஷிங் மெஷின் ஆகும். ஒருநாள் கேட்டதற்கு, மாமாவின் ஆபீஸ் ஆட்கள் வந்திருக்கிறார்கள், பக்கத்து அறையில் ஒரே அமர்க்களம் என்று வாய் கூசாமல் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெட்டி இரைகிறவரை அவள் வீட்டில் ஆள் நடமாட்டம் இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் வேலை விட்டு வந்ததும், ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வீடியோவில் வா என்று அவன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். வீடு கிடக்கிற கிடப்பில் வீடியோ வேறயா என்று மழுப்பிவிட்டாள்.

"முதல்ல பிளக்கப் பிடுங்கு. எல்லா வயரையும் கழட்டு. உடனே கை வெக்காத, நல்லா ஆறியிருக்கணும்."

"காலையில இருந்தே கழட்டித்தான்டா கிடக்கு."

"மேல் மூடிய நெம்பி இழு. அப்புறம் ஸ்க்ரூ. கழட்டுற ஸ்க்ரூவ கிண்ணத்துல போடு, அப்புறம் தரையில தவழாத."

அவளுக்குப் பல் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவுக்கு உதவியாள் வேலை. நோயாளியின் வாய்க்குள் வெளிச்சம் காட்டுவது, எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது, கன்னத்தை ஒதுக்கிக் கொடுப்பது, டாக்டரம்மா கேட்கும் முன்பே அடுத்த கருவியைக் கையில் வைப்பது. காலையிலிருந்து மாலைவரை இன்னொருவருக்கு மூன்றாவது கை, நாலாவது கை. அதனால் சின்னத் திருகாணியும் இண்டு இடுக்கும் அவளுக்குப் பழக்கம்தான்.

மூடியைத் திறந்ததும் "அய்யய்யோ" என்றாள். விசிறியின் இறக்கைகள் எல்லாம் சாம்பல் நிறத்தில் தடித்துப்போயிருந்தன. அதன் பக்கத்திலிருந்த கம்பி இடுக்குகளில் தூசி, வருஷக்கணக்காகக் கவனிக்காத பல்லில் காரை படிந்த மாதிரி இறுகிக் கிடந்தது.

"பார்த்தியா, சொன்னேன்ல! வேக்குவம் கிளீனர எடுத்துக்கிட்டு வந்துடாத. அதுல வர்ற ஸ்டாட்டிக் கரண்ட் போர்டுல அடிச்சா கதை முடிஞ்சுது. வாயாலயும் ஊதாத, எச்சில் தெறிக்கும். காஞ்ச பிரஷ் மட்டும்தான். வாங்கி வெக்கச் சொன்னேன்ல, அந்தக் காத்தடிக்கிற டப்பா, அத நிமிர்த்திப் பிடிச்சுக் கொஞ்சம் கொஞ்சமா அடி. முக்கியமா, ஃபேன ஒரு விரலால அசையாம பிடிச்சுக்கோ. காத்துல அது பாட்டுக்குச் சுத்துச்சுன்னா ஃபேனே கெட்டுப்போயிடும்."

"சரிடா வாத்தியாரே."

"உள்ள இருட்டா இருக்கும், மாமாவ டார்ச் பிடிக்கச் சொல்லு. இருக்காருல்ல பக்கத்துல?"

ஒரு கணம் அவள் பிரஷ்ஷைப் பார்த்தாள்.

"இருக்காரு. இதோ, எடுத்துக்கிட்டு வர்றாரு."

எழுந்து போய் அவளே டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்தாள். இடது கை விரல் விசிறியில், வலது கையில் பிரஷ். டார்ச்சுக்குக் கை இல்லை. தலையணை மேல் சாய்த்து வைத்தாள், உருண்டது. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிப் பார்த்தாள், கூரையில் வெளிச்சம் விழுந்தது. கடைசியில் வாயில் கவ்விக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் ஆயிரம் வாய்களுக்கு வெளிச்சம் காட்டியவள், இங்கே தன் வாயால் வெளிச்சம் காட்டிக்கொண்டு குனிந்திருந்தாள்.

"மாமா சரியாப் பிடிக்கிறாரா?"

"ம்ம்."

"என்னக்கா, வாயில என்ன?"

டார்ச்சை எடுத்தாள். "பல்லு வலிடா."

"பல் ஆஸ்பத்திரியில வேல பாத்துக்கிட்டே பல்லு வலியா? வெளிய சொல்லாத, உங்க டாக்டரம்மா மானம் போயிடும்." அவனே சொல்லி அவனே சிரித்தான். பிறகு குரலை உயர்த்தினான். "மாமா! அக்கா ரொம்பப் படுத்தறாளா?"

சொல்லிவிட்டுக் காத்திருந்தான். மேஜைக்கு எதிரே ஒரு நாற்காலி மட்டும் இருந்தது.

"தலையாட்டறாருடா. உன்ன மாதிரி வாயாடியா அவரு?"

நம்பிவிட்டான். அவனை நம்ப வைப்பது ரொம்பச் சுலபம், அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. நாடகம் எடுபட வேண்டுமே என்று, நாற்காலியைப் பார்த்து, "கொஞ்சம் இந்தப் பக்கம் காட்டுங்க" என்றாள். பிரஷ்ஷால் மெதுவாக நீவி நீவி, தூசியைச் சுருள் சுருளாக எடுத்துக் காகிதத்தில் தட்டினாள். பிறகு தம்பிக்கு வேறு ஏதோ ஃபோன் வந்து, ஒரு நிமிஷம் இரு அக்கா என்று அவன் போய்விட்டான். இவள் டார்ச்சை மறுபடியும் கவ்விக்கொண்டு வேலையில் மூழ்கியிருந்தாள். ஓர் இடுக்கு சரியாகத் தெரியவில்லை. டார்ச்சை வாயிலிருந்து எடுத்துவிட்டு, தன்னை மறந்து, "கொஞ்சம் கீழ காட்டுங்க" என்றாள்.

கேட்க யாரும் இல்லை. நடிப்பதற்கும் யாரும் இல்லை. வீட்டில் ஒருவரிடம் கொஞ்சம் பிடிங்க, கொஞ்சம் எடுங்க என்று சொல்லி எத்தனை நாளாகிவிட்டது என்று நினைத்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போனவர் மேல் அவளுக்கு ஆசை இருந்ததோ இல்லையோ, டார்ச் பிடிக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. விரலை விசிறியிலிருந்து எடுக்காமலே கொஞ்ச நேரம் அழுதாள். கண்ணீர் போர்டில் விழுந்துவிடப்போகிறதே என்று முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டாள்.

தம்பி திரும்பி வருவதற்குள் காற்றடித்து, ஸ்க்ரூ முடுக்கி, மூடியைப் போட்டாகிவிட்டது. பிளக்கைச் செருகி பட்டனை அழுத்தினாள். சத்தமே இல்லை. போச்சு, கெடுத்துவிட்டேன் என்று பதறிப்போய்ப் பின்பக்கம் உள்ளங்கையை வைத்தாள். சீராகக் காற்று வந்துகொண்டிருந்தது.

"ஓடுதுடா வாலு! ஓடறதே தெரியல!"

"சபாஷ்க்கா! மாமாவுக்கும் ஒரு சபாஷ்."

அன்று முழுக்க அவளுக்கு ஒரே பெருமை. டாக்டரம்மாவுக்குக்கூட ஃபோன் போட்டுச் சொல்லலாமா என்று யோசித்தாள். யோசிக்க வேண்டிய இன்னொன்றை மட்டும் யோசிக்கவில்லை.

மறுநாள் படகை எடுத்துக்கொண்டு இருவரும் கிளம்பினார்கள். பெட்டி முணுமுணுக்கக்கூட இல்லை.

"உன் குரல் இவ்வளவு தெளிவா கேட்டதே இல்லக்கா. பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி இருக்கு."

"எல்லாம் என் கைவண்ணம்."

"உங்க வீட்டுல எங்கயோ குழாய் சொட்டுது பாரு."

எழுந்து போய் மூடிவிட்டு வந்தாள். அவள் செருப்பு சமையலறைவரை போனதையும், திரும்பி வந்ததையும், நாற்காலி கிரீச்சிட்டதையும் அவன் முழுக்கக் கேட்டிருக்க வேண்டும். தூண்டிலை இழுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் வீசினான்.

"மாமா வெளிய போயிருக்காரா? ஞாயித்துக்கிழமை ரேடியோவ அலற விட்டுட்டு உக்காந்திருப்பாரே."

வழக்கம்போலப் பொய் சொல்ல வாயைத் திறந்தாள். வரவில்லை. சாய்ந்துகொள்ள ஒரு சத்தமும் இல்லாமல் வீடு அப்பட்டமாகக் கிடந்தது. மிக்ஸி, வாஷிங் மெஷின், ஆபீஸ் ஆட்களின் அமர்க்களம் எல்லாவற்றையும் நேற்று அவளே பிரஷ்ஷால் கூட்டிக் காகிதத்தில் மடித்துக் குப்பையில் போட்டிருந்தாள்.

"அவரு இல்லடா. போயிட்டாரு. போன வருஷமே."

"போயிட்டாருன்னா?"

"பயப்படாத, நல்லாத்தான் இருக்காரு. வேற ஊருல இருக்காரு. இனிமே வரமாட்டாரு."

"அப்ப நேத்து... டார்ச் பிடிச்சது?"

"வாயில கவ்விக்கிட்டேன்."

சிரிப்பான் என்று நினைத்தாள். அவன் அழுதான். இவ்வளவு தெளிவாக அவன் அழுகையை அவள் கேட்டதில்லை.

"ஏன்க்கா என்கிட்ட சொல்லல? நான் என்ன வேத்து ஆளா?"

"சொன்னா நீ விசாரிக்க வருவ. எனக்கு விளையாட ஆள் வேணும்டா."

"கேம முதல்ல ஆஃப் பண்ணு. நான் ஃபோன்ல கூப்பிடறேன். லீவு போட்டுட்டு கிளம்பி வரேன். நீ எப்படிக்கா தனியா..." அவன் குரல் அந்த இழுவைக்குப் போய்க்கொண்டிருந்தது.

"வா. எப்ப வேணா வா, சமைச்சுப் போடறேன். ஆனா இப்ப ஆஃப் பண்ணாத."

"இந்த நேரத்துல விளையாட்டா முக்கியம்?"

"வாரம் பூரா எனக்கு இந்த ஒரு மணி நேரந்தான்டா வீட்டுல ஆள் இருக்கு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. எதையோ கீழே வைக்கிற சத்தம், மறுபடியும் எடுக்கிற சத்தம். பெட்டியை அணைத்துவிட்டானோ என்று அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். படகில் அவனுடைய விளையாட்டு ஆள் கடலைப் பார்த்தபடி அசையாமல் நின்றான். ரொம்ப நேரம் கழித்து அந்த ஆள் திரும்பி வந்து, அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து துடுப்பைப் பிடித்தான்.

"இன்னொரு துடுப்பு உன்கிட்டதானே இருக்கு?" என்றான் தம்பி. "நான் மட்டும் போட்டா படகு சுத்திக்கிட்டே கிடக்கும். சும்மா உக்காந்திருக்க? போடுக்கா."

அவள் போட்டாள். கை இரண்டும் வேலையாக இருந்ததால், கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டாள்.