கடலோரப் புல்வெளி

ஆம்பூர் ஷூ கம்பெனியில் இரமும் ஜாஸ்மினும் சேர்ந்து வடிவமைத்த கோல்ஃப் ஷூ, ஸ்காட்லாந்து வியாபாரிக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அங்கே கடலோரத்தில் பேர்பெற்ற கோல்ஃப் ரிசார்ட் ஒன்றுக்கு இருவரில் ஒருவரை அவர் அழைத்தார். "ஜாஸ்மின் போவாளா?" என்று மேனேஜர் கேட்டபோது, "அவங்க வீட்ல விடமாட்டாங்க சார்" என்று சொல்லிவிட்டாள் இரம். ஜாஸ்மினைக் கேட்கவே இல்லை. தானே கிளம்பிப் போனாள்.

அந்த மைதானத்தைப் பார்க்கத்தான் எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்திருந்தார்கள். மணல்மேடுகளுக்கு நடுவே புல் மெத்தைபோல் கிடந்தது. அங்கிருந்த பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்தபடி இரம் மட்டையைச் சுழற்றினாள். பந்து எழும்பிக் கடற்காற்றில் பறந்தது. இரம் வாய்விட்டுச் சிரித்தாள்.

அப்போதுதான் ஜாஸ்மின் வீடியோவில் அழைத்தாள்.

"அக்கா, சூப்பரா இருக்கு! அடுத்த தபா நானும் வர்றேன். எங்கம்மா போய்ட்டு வான்னு சொல்லிட்டாங்க."

இரம் மட்டையைக் கீழே வைத்தாள்.

"இந்தத் தபாவே நீ வந்திருக்கலாம் ஜாஸ்மின். உன்ன வீட்ல விடமாட்டாங்கன்னு நான்தான் சார்கிட்ட சொன்னேன்."

ஜாஸ்மினின் சிரிப்பு நின்றது.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அக்கா."

அழைப்பு துண்டிக்கப்பட்டது. அதன்பின் இரம் மட்டையைத் தொடவில்லை.

ஊர் திரும்பியதும் மேனேஜரிடம் போய் உண்மையைச் சொன்னாள். அடுத்த முறை போர்ச்சுகலில் ஒரு ரிசார்ட்டுக்கு ஜாஸ்மின் போனாள். அங்கிருந்து அவள் அனுப்பிய படங்களை ஆபீசில் எல்லோரும் மாறி மாறிக் காட்டிக்கொண்டார்கள். இரமின் போனுக்கு ஒன்றும் வரவில்லை. கேட்கவும் அவளுக்கு வாய் வரவில்லை.