பீச்சாங்கைப் புட்டு

ஆலங்குடியில் பஸ் நிற்கும் இடத்தில் இட்லி விற்ற உண்ணாமலையை விறகுக் கட்டுக்குள் கிடந்த விரியன் கடித்துவிட்டது. உயிர் தப்பியது பெரிய காரியம். சோத்துக்கையை மட்டும் புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள்.

அண்ணன் முத்துராமன் வண்டி கட்டிக்கொண்டு வந்தார். “நம்ம வீட்டுல வந்து இரு தாயி. ஒரு வாய்க் கஞ்சிக்கா பஞ்சம்?”

நல்ல மனுஷர்தான். ஆனால் அந்தக் கஞ்சியை அண்ணி எந்த முகத்தோடு ஊற்றுவாள் என்று உண்ணாமலைக்குத் தெரியும். புருஷன் செத்த வருஷம் அதைக் குடித்துப் பார்த்தவள்.

“ஆடி கழியட்டும்ணே. முடியலைன்னா நானே வண்டி ஏறிர்றேன்” என்றாள்.

இடக்கைக்கு ஒரு வேலையும் தெரியவில்லை. நாற்பது வருஷம் சும்மாவே இருந்து தின்ற கை. மாவை ஊற்றச் சொன்னால் அடுப்பில் ஊற்றியது. இட்லிக் கொப்பரையைத் திறக்கச் சொன்னால் சுட்டுக்கொண்டது. மருமகளைத் திட்டுவதுபோல் திட்டித் திட்டியே அதைப் பழக்கினாள். இட்லி மறுபடி பூவாக வந்தது.

வாங்கத்தான் ஆளில்லை. பீச்சாங்கையால் எடுத்து வைத்ததை யார் தின்பார்கள்? யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் முதுகில் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடிய பஸ், அந்தக் கரி கனலும்வரை நின்றே கிடக்கும். அத்தனை நேரமும் ஜனங்கள் வானத்தைப் பார்த்தார்கள். “இன்னைக்கிப் பசிக்கலைக்கா” என்றான் டிரைவர் ஹனீபா. ஊரில் ஒருவருக்குமே பசிக்காத அதிசயம் அப்போதுதான் நடந்தது. அவர்கள்மேல் கோபப்படவும் அவளால் முடியவில்லை. அவளே வாங்கித் தின்றிருக்க மாட்டாள். அதுதான் ரொம்ப வலித்தது.

மொட்டைக் கையில் கரண்டியைக் கட்டிப் பார்த்தாள். இட்லி மண்ணில் விழுந்தது. பார்த்துக்கொண்டிருந்த பெண்பிள்ளை ஒருத்தி அழுதேவிட்டாள். அழுதவளும் வாங்கவில்லை.

சந்தையில் ஒருநாள், அவித்த கடலைக் குவியலில் ஆளாளுக்கு அள்ளிக்கொண்டிருந்தார்கள். குவித்த கை எது என்று யாரும் கேட்கவில்லை. உண்ணாமலை அங்கேயே நின்றுவிட்டாள். எடுத்துக் கொடுத்தால்தானே கை தெரியும்? அவர்களே எடுத்துக்கொண்டால்? ஆனால் நாலு பேர் தொட்ட இட்லியை ஐந்தாவது ஆள் தொடமாட்டானே. ஆளுக்கொரு பாத்திரம் வேண்டும், காசில்லாத பாத்திரம். ஆலங்குடியில் தேங்காய்க்கா பஞ்சம்?

கொட்டாங்கச்சியை வழவழவென்று தேய்த்து, கேழ்வரகு மாவை நிரப்பி அவித்தாள். முதலில் நடு மாவு வேகவில்லை. கொட்டாங்கச்சியின் கண்ணைத் துளைத்து ஆவிக்கு வழி விட்டாள். வெந்தது, ஆனால் கவிழ்த்தால் உதிர்ந்தது. மாவின் ஈரம் கைக்குப் பிடிபடும்வரை விடவில்லை. வந்தவர்கள் ஆளுக்கொரு கொட்டாங்கச்சியை எடுத்து, இலையில் தாங்களே கவிழ்த்து, வெல்லத்தோடு தின்றார்கள். ஹனீபாவுக்கும் பசி திரும்பியது.

ஆடி கழிந்த மறுநாள் முத்துராமன் வண்டியோடு வந்தபோது கடையில் நல்ல கூட்டம். அவர் ஓரமாக நின்றார். பஸ் புறப்படும் அவசரத்தில் ஹனீபா, வலக்கையில் புட்டு ஒட்டியிருந்ததால், காலிக் கொட்டாங்கச்சியை இடக்கையால் நீட்டினான்.

“சோத்துக்கையால குடுக்கத் தெரியாதாடா ஒனக்கு?” என்று சீறினாள் உண்ணாமலை.

அவள் அவன் கையைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள். பழக்கம் கொடியது, பாறையிலும் கோழி சீய்க்கும். விரியன் கடித்ததற்குப் பிறகு முதல்முறையாக வயிறு குலுங்கச் சிரித்தாள். ஹனீபாவும் சிரித்தான், கடையே சிரித்தது.

சிரிப்பு அடங்குமுன் அவள் ஒரு புட்டை இலையில் கவிழ்த்து, அதை இடக்கையிலேயே ஏந்தி அண்ணனிடம் நீட்டினாள். “சாப்பிடுங்கண்ணே.”

முத்துராமன் கூட்டத்தைப் பார்த்தார். விரலெல்லாம் சூடுபட்ட அந்தக் கையைப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார். கடைசித் துணுக்குவரை தின்றார்.

“தேங்காப்பூ இன்னுங் கொஞ்சம் போடலாம்” என்றார். “ஒங்க அண்ணிக்கு ரெண்டு கட்டிக் குடு. நான் பொழுதோட போறேன்.”

அவள் இலையை மொட்டைக் கையால் அழுத்திக்கொண்டு, வாழை நாரை ஒற்றைக் கையால் சுற்றினாள். முடிச்சு நழுவியது. மறுபடி சுற்றினாள், மறுபடியும் நழுவியது. உதவ நீண்ட தன் கையை முத்துராமன் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அவள் கட்டி முடிக்கும்வரை நின்று வாங்கிப் போனார்.